சில்லு சத்தம் போட்டால் சும்மா விடலாமா?



முன்னொரு காலத்தில் தோட்டத்தில் வாகனம் என்றால் துரையின் காரும் கொழுந்து லொறியும் மட்டும்தான். இன்று அப்படியல்ல. லயத்து வாசலில் ஓட்டோ நிற்கிறது, மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அம்மா கொழுந்து பறித்த காசில் ஒரு பங்கு, மகன் கொழும்பில் கடையில் வேலை செய்து அனுப்பும் காசில் ஒரு பங்கு என்று சேர்த்து லீசிங் கட்டி வாங்கிய வண்டிகள் அவை. காலையில் அந்த ஓட்டோவில்தான் நமது பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். இரவில் பிரசவ வலி கண்டால் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

2020 மார்ச் மாதம் முதல் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலையும் தலைக்கு மேல் போயிற்று. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய இடம் கிடைத்தது. ஆகவே இன்று நமது கைகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள். பழைய வண்டியை ஓட்டுவதில் தப்பில்லை, அதைக் கவனிக்காமல் ஓட்டுவதுதான் தப்பு.

நமது குடும்பங்கள் பலவற்றுக்கு வருடத்தில் ஒரு நீண்ட பயணம் உண்டு. சிவராத்திரிக்கோ பங்குனித் திருவிழாவுக்கோ திருகோணமலைக் கோணேஸ்வரர் கோயிலுக்குப் போவார்கள். 1958 இலும் 1977 இலும் நடந்த கலவரங்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வடக்கு கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகளைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. இந்தப் பயணத்தை மனதில் வைத்து, வண்டியின் சில்லுக்குள் இருக்கும் பேரிங் பற்றி இம்முறை விளக்க நினைக்கிறோம். எதை வீட்டு வாசலில் நாமே மாற்றலாம், எதைக் கராஜில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்கிறோம்.

பேரிங் என்பது என்ன?

கொழுந்து மூட்டையைத் தரையில் இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். அதே மூட்டையை நாலு குழாய்த் துண்டுகளின் மேல் வைத்துத் தள்ளிப் பாருங்கள், சுலபமாக நகரும். உரசுவதை விட உருள்வது இலகு. பேரிங்கின் ரகசியம் இவ்வளவுதான்.

பேரிங்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருக்கு வளையங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் உருக்குக் குண்டுகள் வரிசையாக இருக்கும். குண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி ஒரு கூடு பிடித்துக்கொள்ளும். உள் வளையம் அச்சில் நிற்கும். வெளி வளையம் சில்லின் நடுக்குடத்தில், அதாவது ஹப்பில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சில்லு சுற்றும்போது குண்டுகள் உருளும். சில வண்டிகளில் குண்டுக்குப் பதிலாக ஒரு முனை சிறுத்த உருளைகள் இருக்கும். அது டேப்பர் பேரிங்.

அச்சும் குண்டும் பற்றிய இந்த யோசனை புதிதல்ல. பிரித்தானியாவில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பிலிப் வோன் என்பவர் 1794 இலேயே வண்டி அச்சுக்குக் குண்டு வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898 இல் டேப்பர் பேரிங்குக்கு உரிமம் பெற்றார். நமது தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழுந்தை வாட்டும் காற்றாடி, அரைக்கும் உருளை, மோட்டார் எல்லாவற்றிலும் பேரிங் உண்டு. தொழிற்சாலை பிட்டர் மாமாவைக் கேட்டால் அதன் சத்தத்தை வைத்தே அதன் வயதைச் சொல்வார்.

சில்லு எத்தனை தடவை சுற்றுகிறது தெரியுமா? ஓட்டோவின் சில்லு சிறியது. ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.3 மீற்றர்தான் போகும். ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 750 சுற்று. நுவரெலியாவில் இருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குப் போக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். போகிற வழிக்கு மட்டும் ஒவ்வொரு சில்லும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. வண்டியின் பாரமும் ஆட்களின் பாரமும் அத்தனை சுற்றிலும் அந்தச் சிறு குண்டுகளின் மேல்தான். அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நமது காலத்துக்கு அச்சாணி இந்தப் பேரிங்.

கடற்கரை செய்யும் வேலை

பேரிங்குக்கு எதிரிகள் மூன்று பேர்: தண்ணீர், மண், அதிக பாரம். திருகோணமலையில் இவற்றோடு உப்பும் சேர்கிறது. உப்புவெளி என்ற ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. நிலாவெளியில் உப்பளமே இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றிலும் கடற்காற்று. நமது பையன்கள் கடலைக் கண்ட சந்தோஷத்தில் மோட்டார் சைக்கிளை ஈர மணலில் இறக்கி, அலையில் சில்லு நனைய ஓட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் ஓயில் சீலைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே போனாலும் போதும். வண்டி மலைக்குத் திரும்பி வந்த பிறகும் உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சத்தம் வரும்போது, கடலில் இறக்கியதை யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தூர ஓட்டத்தில் ஹப் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். அந்தச் சூட்டோடு சில்லைத் தண்ணீரில் இறக்கினால் உள்காற்று திடீரென்று சுருங்கும். சுருங்கும்போது வெளியிலுள்ள தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சி இழுக்கும். மார்கழி மாத மழையில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் நிற்பது வழக்கம். நமது மலைகளில் பெய்யும் மழையில் ஒரு பகுதி மகாவலியாகப் போய்க் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. அப்படியான வெள்ளத்தைக் கண்டால் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, சில்லு ஆறிய பிறகு மெதுவாகக் கடக்க வேண்டும். ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் என்றால் போகவே கூடாது.

சேர்விஸ் நிலையத்தில் அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் குழாயை நேராக ஹப்பின் மேல் பிடிப்பதும் இதே கேட்டைச் செய்யும். கடற்கரையில் இருந்து வந்ததும் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துத் துணியால் கழுவுங்கள். அது போதும்.

கடலோர ஊரில் ஓடிய பழைய வண்டியை வாங்க நினைப்பவர்கள், மினுமினுக்கும் பெயின்டை மட்டும் பார்க்காமல், குனிந்து அச்சு நட்டையும் ஹப்பின் ஓரத்தையும் பாருங்கள். துரு ஒழுகிய கோடு தெரிந்தால் பேரிங் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் அடையாளம் சத்தம். வேகம் கூடும்போது கூடவே வளரும் ஒரு முணுமுணுப்பு. பிறகு கரகரப்பு. கடைசியில் கடகடப்பு. கியரை நியூட்ரலுக்குப் போட்டாலும் சத்தம் நிற்காவிட்டால் அது எஞ்சின் சத்தமல்ல, சில்லுப் பக்கத்துச் சத்தம். காரிலும் வேனிலும் இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச்சில்லில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது ஆட்டம். சில்லைத் தரையில் படாமல் உயர்த்தி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் அது ஸ்டியரிங் பக்கத்துக் குறையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, கையால் சில்லைச் சுற்றிவிட்டு, அடுத்த கையை சொக் அப்சோபரின் ஸ்பிரிங் மேல் வையுங்கள். விரல் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் கவனம். நல்ல பேரிங் என்றால் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணலை அரைப்பது போல ஒரு அதிர்வு கைக்கு வரும்.

நான்காவது சூடு. பத்துப் பதினைந்து கிலோமீற்றர், அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓடிய பிறகு ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில் இருக்கலாம், அது கன்னியாவுக்கு அழகு. நமது வண்டியின் இடச்சில்லும் வலச்சில்லும் அப்படி இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். மலை இறங்கி வந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பிரேக் சூட்டில் எல்லாமே கொதிக்கும்.

"இன்னும் ஓடுதுதானே, பொறவு பாத்துக்குவோம்" என்பது நமது ஆட்களின் வழக்கமான பேச்சு. கரகரப்பு வந்த பேரிங் தானாகச் சுகமாவதில்லை. குண்டு உடையும், உள் வளையம் அச்சோடு ஒட்டிக்கொண்டு அச்சையே அறுக்கும், வெளி வளையம் ஹப்பில் சுற்றி ஹப்பைத் தின்னும். பேரிங் விலையோடு போக வேண்டியது ஹப், அச்சு, பிரேக் என்று வளரும். அதைவிடப் பெரியது ஆளின் உயிர். தலவாக்கலை வளைவில் சில்லு இறுகிப் போனால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் நின்றுபோனால் இருபுறமும் யானைக் காடு. இரவு நேரம் பிள்ளைகளோடு அங்கே நிற்க முடியுமா?

எதை வீட்டில் செய்யலாம்?

மோட்டார் சைக்கிளின் முன் சில்லுப் பேரிங்கை, கை வேலை தெரிந்த இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றலாம். டேப்பர் பேரிங் உள்ள பழைய வேன், ட்ரெக்டர் பெட்டி ஆகியவற்றுக்குக் கழுவிக் கிறீஸ் போடுவதையும் அனுபவம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம்.

ஓட்டோவில் சோதனையை நாமே செய்வோம், மாற்றுவதைக் கராஜில் கொடுப்போம். அதன் பின் சில்லுக்கு எஞ்சினின் இழுவையும் வருவதால் நட்டு பலத்த இறுக்கத்தில் இருக்கும், பிரேக் ட்ரம்மைக் கழற்றப் புள்ளரும் தேவைப்படும். உள் அமைப்பும் மாடலுக்கு மாடல் வேறு. நாலு பேர் சேர்ந்து ஓட்டோவைச் சாய்த்துப் பிடிக்க, ஒருவர் அடியில் கையை விட்டு வேலை செய்வதைப் பல தோட்டங்களில் காண்கிறோம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஒருவரின் கால் வழுக்கினால் அடியில் இருப்பவரின் கை போய்விடும். சாய்க்கும்போது பெற்றோலும் பெற்றரித் தண்ணீரும் கூட ஒழுகும். தற்காலச் சிறு கார்கள் பலவற்றின் முன் பேரிங்கை இயந்திர அழுத்தத்தால்தான் கழற்றிப் போட முடியும். அதற்கும் கராஜ்தான்.

சரியான பேரிங்கை வாங்குவது

பேரிங்கின் ஓரத்தில் ஒரு இலக்கம் வெட்டப்பட்டிருக்கும். உதாரணமாக 6301. கடைசி இரண்டு இலக்கம் உள் துவாரத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மில்லிமீற்றர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 இல் இருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம், அதாவது 04 என்றால் 20. முன்னால் 62 என்றும் 63 என்றும் வருவது கனத்தைக் காட்டும். 6201, 6301 இரண்டுக்கும் உள் துவாரம் 12 தான். ஆனால் 6201 இன் வெளி விட்டம் 32 மில்லிமீற்றர், 6301 இன் வெளி விட்டம் 37. ஆகவே "ஸ்ப்ளெண்டருக்கு ஒண்ணு கொடுங்க" என்று வாயால் கேட்காமல் பழைய இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

இலக்கத்துக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது. இசட்.இசட். என்றிருந்தால் தகட்டு மூடி. மழையும் சேறும் உள்ள நமது மலைக்கும், உப்பும் மணலும் உள்ள கடற்கரைக்கும் ரப்பர் மூடியே நல்லது. வண்டியில் முதலில் இருந்தது எதுவோ, அதே அளவிலும் தரத்திலும் வாங்குவது பொது விதி.

போலிப் பேரிங்குகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. பெட்டியில் எழுத்துப் பிழை, மங்கலான முத்திரை, நம்ப முடியாத மலிவு விலை மூன்றையும் கண்டால் ஒதுங்குங்கள். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். இரண்டு பேரிங்கையும் ஒரேயடியாக மாற்றுங்கள், ஓயில் சீலும் கொட்டர் பின்னும் புதிதாக வாங்குங்கள். பழைய சீலை மறுபடி போடுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புது மெத்தை விரிப்பது போல.

முன் சில்லு மாற்றும் முறை

தேவையானவை: அளவான ஸ்பெனர்கள், சுத்தியல், முனை மழுங்கிய நீளமான இரும்புக் கம்பி, மரக்கட்டைகள், பேரிங்கின் வெளி வளையத்துக்குச் சரியான பெட்டி ஸ்பெனர் தலை, மண்ணெண்ணெய், சுத்தமான துணி, சில்லுப் பேரிங்குக்குரிய கிறீஸ். சுத்தியல் அடிக்கும்போது இரும்புத் துணுக்குத் தெறிக்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள்.

1. சமமான, உறுதியான தரையில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சில்லை உயர்த்துங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. பிரேக் கேபிளையும் மைல்மீற்றர் கேபிளையும் கழற்றுங்கள். கொட்டர் பின் இருந்தால் எடுத்துவிட்டு, நட்டைக் கழற்றி அச்சை உருவுங்கள். புஷ், வளையம் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிறகு தகராறு வராது.

3. பிரேக் தட்டை வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய பிரேக் லைனர்களில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டிரம்மிலும் லைனரிலும் கிறீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது, அதையும் கவனியுங்கள்.

4. சீலை நெம்பி எடுங்கள். பேரிங்கைப் பிடிக்கும் பூட்டு வளையம் இருந்தால் அதையும் எடுங்கள். உள் வளையத்தில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் நோயாளி இவர்தான்.

5. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும். அதுதான் இடைக்குழாய். கம்பியால் அதை ஓரமாகத் தள்ளி, எதிர்ப்பக்கப் பேரிங்கின் உள் வளையத்தில் கம்பியை வைத்து, சுற்றிச் சுற்றி இடம் மாற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் கோணிக்கொண்டு இறுகும். ஒன்று வந்ததும் இடைக்குழாயை எடுத்துவிட்டு, மறுபக்கம் திருப்பி மற்றதைத் தட்டி எடுங்கள். இப்படிக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போட வேண்டாம். உள் வளையத்தில் விழுந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழுத்தியிருக்கும்.

6. ஹப்பை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரட், அடுப்பு எதுவும் கூடாது. புதிய பேரிங் கையால் வைத்ததும் தொளதொளவென்று உள்ளே விழுந்தால் ஹப் தேய்ந்துவிட்டது. சிலர் சிகரட் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவார்கள், சிலர் உளியால் புள்ளி குத்துவார்கள். இரண்டும் நாலு நாள் வைத்தியம். ஹப்பை மாற்ற வேண்டும், அல்லது லேத் பட்டறையில் காட்ட வேண்டும்.

7. ஹப் அலுமினியம் என்றால் ஒரு சுலப வழி உண்டு. சூட்டில் அலுமினியம் உருக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கொதிநீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துத் துடைத்துவிட்டால் பேரிங் இலகுவாக இறங்கும். தீயைக் காட்ட வேண்டாம்.

8. புதிய பேரிங்கை நேராக வைத்து, வெளி வளையத்தில் மட்டும் படும்படி பெட்டி ஸ்பெனர் தலையை வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்திலோ ரப்பர் மூடியிலோ ஒரு அடியும் விழக் கூடாது. அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் கெட்டியாக மாறும். அதோடு நிறுத்துங்கள்.

9. இப்போது மறக்காமல் இடைக்குழாயைப் போடுங்கள். இதை மறந்து பூட்டினால், அச்சு நட்டை இறுக்கும்போது இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபட்டுப் புதுப் பேரிங் சில நாளிலேயே பாழாகும். பிறகு இரண்டாவது பேரிங்கை, அதன் உள் வளையம் இடைக்குழாயில் தொடும்வரை மட்டும் இறக்குங்கள். அச்சை விட்டுப் பார்த்துக் குழாய் நடுவில் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு உள் வளையங்களும் விரலுக்கு மிருதுவாகச் சுற்ற வேண்டும்.

10. ரப்பர் மூடி உள்ள பேரிங்குக்குள் கிறீஸ் ஏற்கெனவே உண்டு. மூடி இல்லாதது என்றால் குண்டுகளுக்கிடையில் நன்றாகக் கிறீஸ் ஏற்றுங்கள். ஆனால் ஹப் முழுவதையும் அடைக்க வேண்டாம், அதிகக் கிறீஸ் சூடாகி சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் வரும். புதிய சீலின் உதட்டில் சிறிது கிறீஸ் தடவிப் போடுங்கள்.

11. சில்லைத் திரும்ப ஏற்றும்போது ஒன்றை உயிராக நினைத்துப் பாருங்கள். பிரேக் தட்டிலுள்ள பள்ளம், முன் போர்க்கிலுள்ள முளையில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடித்ததும் தட்டும் சேர்ந்து சுற்றி, கேபிளைச் சுருட்டி, சில்லை இறுக்கி ஆளைத் தூக்கி எறியும். மைல்மீற்றர் பல்லும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

12. நட்டைக் கம்பனி சொன்ன அளவுக்கு இறுக்கி, கொட்டர் பின் இருந்த வண்டி என்றால் புதியதைப் போடுங்கள். பிரேக்கைச் சரிசெய்யுங்கள். சில்லைச் சுற்றினால் சத்தமும் ஆட்டமும் இருக்கக் கூடாது. முதலில் நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு இரண்டு கிலோமீற்றர் போய் வந்து ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். 50 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டை மறுபடி சோதியுங்கள்.

டேப்பர் பேரிங் பற்றிச் சில வார்த்தை

இதில் உருளைக் கூடும் வெளிக் கிண்ணமும் தனித்தனியாக வரும். மாற்றினால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கழுவிய பிறகு ஒரு உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் உருளைகளுக்கிடையில் கிறீஸ் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதுவே நிறைந்ததற்கு அடையாளம்.

வாகனத்தை ஜாக்கியில் மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கட்டாயம் வேண்டும். பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி விரல் பலத்தில் மட்டும் இறுக்கி, அதற்குக் கிட்டிய துவாரத்தில் கொட்டர் பின்னைப் போட வேண்டும். "நல்லா இறுக்கினாத்தான் நல்லது" என்ற எண்ணம் இங்கே ஆகாது. அளவுக்கு மேல் இறுக்கிய டேப்பர் பேரிங் சூடேறிக் கருகிவிடும். வாகனத்தின் கைநூலில் அளவு கொடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பாரம் ஏற்றுவதில் கவனம்

நமது ரொட்டிக்கு வேண்டிய கோதுமை மாவில் பெரும்பங்கு திருகோணமலை சீனன்குடாவில் உள்ள பிரிமா ஆலையில் அரைபடுகிறது. அங்கிருந்தே சீமெந்தும் லொறிகளில் வருகிறது. அந்த லொறிகளுக்கு அத்தனை பாரம் தாங்கும் பேரிங் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் போவதற்குச் செய்த ஓட்டோவில் ஏழு பிள்ளைகளையும் புத்தகப் பைகளையும் ஏற்றினால், அதன் பேரிங் எந்தக் கம்பனி என்றாலும் தாங்காது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் தம்பிமார் மாதம் ஒரு தடவை மேலே சொன்ன நாலு சோதனைகளையும் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரும் "தம்பி, சில்லு சத்தம் போடுதே, பாத்தீங்களா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது அவரின் கடமை.

கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய கிறீஸையும் பீலிக்கரையிலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். கீழ் லயத்து மக்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். மூடியுள்ள தகரத்தில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் வேலையை அரைவாசியில் நிறுத்துவதற்கு வெட்கப்பட வேண்டாம். நமது தொழிற்சாலை பிட்டரையோ பழக்கமான மெக்கானிக்கையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். பக்கத்து லயத்தில் கை வேலை பழக ஆசையுள்ள பையனும் பெண் பிள்ளையும் இருந்தால் கூட வைத்துக்கொண்டு காட்டிக் கொடுங்கள். ஒரு பேரிங்கை ஒழுங்காக மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு அதுவே நாளைக்கு ஒரு தொழிலாகலாம்.

திருகோணமலைக்குப் போவதென்றால் கிளம்புவதற்கு முந்திய நாள் அல்ல, ஒரு வாரம் முன்னதாகவே சில்லைச் சோதியுங்கள். குறை கண்டால் திருத்த நேரம் இருக்கும். பிள்ளைகள் கடலைப் பார்த்து, கோணேசரைக் கும்பிட்டு, கன்னியாவில் குளித்து, சுகமாக வீடு திரும்ப வேண்டும். அதுவே எமது விருப்பம்.